கடலூரில் டூர் வேன் புக் பண்ணுகிறவர்கள் கவனத்துக்கு: நோட்டீஸில் இருந்த ரோலர் கோஸ்டர் இப்போது எங்கேயுமே இல்லை

லீவுக்குப் பிள்ளைகளைச் சென்னைப் பக்கம் தீம் பார்க் கூட்டிப்போக நினைக்கும் கடலூர்க்காரர்கள், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டூர் ஆபீஸ். புகார் நடப்பதால் பெயர் போடவில்லை. வேன், காலை டிபன், 'ஆல் ரைடு' டிக்கெட் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,900 ரூபாய் என்றார்கள். நோட்டீஸில் பாதிப் பக்கத்துக்கு ஒரு பச்சை ரோலர் கோஸ்டர், கொண்டை ஊசியைக் குத்தி நிறுத்தின மாதிரி. மூன்றாவது படிக்கும் என் பையன் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினான். நாங்கள் மூன்று பேர், புதுச்சேரியில் இருக்கும் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர். ஆக மொத்தம் 9,500. ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, "மெசேஜ் வந்திருக்குமே அக்கா, அதான் பில்" என்றார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விடியற்காலையில் ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் அண்ணன் பிள்ளைகள் ஏறினார்கள். மரக்காணத்தில் டிபனுக்கு நிறுத்தியபோது பெரியவன் நோட்டீஸை வாங்கிப் பார்த்துச் சிரித்தான். "அத்தை, இது கிங்டா கா. அமெரிக்காவுல நியூ ஜெர்சில இருந்தது. இடிச்சே போட்டாங்க."

போனில் காட்டினான். 2005இல் திறந்தது. உயரம் 139 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினாலும் அதற்குக் கீழேதான் நிற்கும். நின்ற இடத்திலிருந்து மூன்றரை நொடியில் மணிக்கு 206 கிலோமீட்டர் வேகமாம். 2025 பிப்ரவரியில் வெடி வைத்துச் சாய்த்துவிட்டார்கள். கூட வந்த ஆளிடம் கேட்டால், "மாடலுக்குப் போட்ட படம்க்கா" என்று இட்லியைப் பிட்டார்.

சரி, இருக்கிற ரைடாவது ஏறலாம் என்று போனோம். கையில் கொடுத்தது சாதாரண டிக்கெட். பெரிய ரைடுகளுக்குத் தனியாகக் கட்ட வேண்டுமாம். கட்டினோம். முக்கால் மணி நேரம் வரிசை. ஏறும் இடத்தில் உயரம் அளக்கிற பலகை. பையன் செருப்புக்குள் குதிகாலைத் தூக்கி நின்றான். அங்கிருந்த தம்பி குனிந்து, அவன் கணுக்காலை மெதுவாக அழுத்தினார். கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது தலை.

அந்தத் தம்பிமேல் தப்பில்லை. வண்டி மேட்டைத் தாண்டும்போது உடம்பு சீட்டைவிட்டு எழும்பும். மடிமேல் இறங்கும் கம்பிதான் ஆளைப் பிடித்து வைக்கிறது, சின்ன உடம்புக்கு அது சரியாகப் பொருந்தாது. ஆனால் பணம் வாங்கும்போது பையன் பக்கத்தில்தான் நின்றான். உயரக் கட்டுப்பாடு இருக்கிறது என்று டூர்க்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

திரும்பி வந்து கேட்டால், அடுத்த டிரிப்பில் 500 குறைக்கிறாராம்! 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபே ரசீதும் நோட்டீஸும் பத்திரமாக இருப்பதுதான் இப்போதைக்குப் பலம். நீங்கள் போவதாக இருந்தால் பார்க்குக்கே போன் போட்டு, எந்த ரைடு ஓடுகிறது, எவ்வளவு உயரம் வேண்டும், டிக்கெட்டில் எது அடக்கம் என்று கேட்டுவிடுங்கள். படத்தைப் பத்தாவது படிக்கிற பிள்ளை யாரிடமாவது காட்டினாலும் சரி.

நேற்று அந்த ஆபீஸ் வழியாகப் போனேன். அதே பச்சைப் படம் இன்னும் ஒட்டியிருக்கிறது. ஆளுக்கு இப்போது 2,100.