வேங்கை என்று தேடினால் புலிதான் வருகிறது

இணையத்தில் தேடக் கற்றுக்கொடுப்பதை மகள் நாலாம் வகுப்பில் இருந்தபோது ஆரம்பித்தோம். இப்போது ஏழு முடிக்கப் போகிறாள். தேடல் எல்லாம் கூடத்தில் இருக்கும் கணினியில்தான். செல்போனில் விடுவதில்லை. சின்னத் திரையில் எந்தத் தளம் என்பதே கண்ணில் படாது, முதலில் வருவதைத் தட்டத்தான் கை போகும்.

தொடக்கத்தில் சிறுவர்களுக்கென்றே உள்ள ஒரு தேடுபொறியைக் கொடுத்தேன். தமிழில் கேட்டால் ஒன்றும் தேறவில்லை. ஆறு மாதத்தில் கூகுளுக்கு மாறி, அதிலுள்ள சேஃப்சர்ச் என்ற வடிகட்டியைப் போட்டுவைத்தேன். இன்றுவரை அதுதான். அது ஆபாசத்தை வடிகட்டும். தப்பான தகவலை வடிகட்டாது.

ஐந்தாம் வகுப்பில் வேங்கை மரம் பற்றி எழுதிவரச் சொன்னார்கள். "வேங்கை" என்று மட்டும் அடித்தாள். புலியும் சினிமாவுமாக வந்து நின்றது. அழுகிற நிலைக்குப் போய்விட்டாள். "நீ தேடுற பக்கத்துல என்னென்ன வார்த்தை இருக்கும்னு யோசிச்சுப் பாரும்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு நோட்டில் எழுதினாள்: மரம், பட்டை, பிசின். அந்தச் சொற்களைச் சேர்த்துக் கொடுத்ததும், பட்டையைக் கீறினால் ரத்தம் போலச் சிவப்பாக வடியும் என்று அவளே உரக்க வாசித்தாள். அன்றிலிருந்து தேடும் முன் நோட்டில் மூன்று சொல். சொற்களை அப்படியே தேட மேற்கோள் குறி, வேண்டாத சொல்லை விலக்கக் கழித்தல் குறி எல்லாம் ஒரே சாயங்காலத்தில் பழகிவிட்டாள். ஆனால் இத்தனை வருடமும் கைகொடுத்தது அந்த நோட்டுதான்.

தமிழில் தேடும்போது ல, ள, ழ மாறினால் விடையும் மாறிவிடும். "மரத்தின்" என்று அடிப்பதைவிட "மரம்" என்று அடிப்பது நல்லது.

அடுத்து, தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டம் என்று தேடினாள். ஒரு பக்கத்தில் 32, ஒன்றில் 37, இன்னொன்றில் 38. "எதும்மா சரி?" விடையை நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பக்கமும் எப்போது எழுதியது என்று பார்க்கச் சொன்னேன். 32 என்றவை பழையவை. 2019-இல் தென்காசி, செங்கல்பட்டு உள்பட ஐந்து புதிதாக வந்து 37 ஆனது, 2020-இல் மயிலாடுதுறையும் சேர்ந்து 38 என்று அவளே கோர்த்துக்கொண்டாள். அரை மணி நேரம் ஆனது. ஆகட்டும்.

இன்னும் கைவராதது ஒன்று உண்டு. மேலே தானாக வரும் சுருக்க விடையைப் பார்த்ததும் அதையே எழுதிவிடுகிறாள். அதனால் விடைக்குப் பக்கத்தில், எந்தத் தளத்தில் படித்தாய், அது எந்த வருடத்துப் பக்கம் என்றும் எழுதச் சொல்லியிருக்கிறேன். இரண்டு மாதமாகிறது. நோட்டில் பாதி இடங்களில் அந்த வரி இருக்கிறது.