கிளப் கீழே இறங்கிவிட்டது, கையில் காசில்லை: அட்மினிஸ்ட்ரேஷனா, இழுத்தடிப்பா?

இங்கிலாந்தில் ஒரு கால்பந்து கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் வரவு அந்தக் கோடையிலேயே படுத்துவிடும், செலவு மட்டும் அப்படியே நிற்கும். பிரீமியர் லீகிலிருந்து இறங்குகிறவர்களுக்காவது பாராசூட் தொகை என்று ஒன்று உண்டு: டிவி பணத்தின் சமபங்கில் முதல் வருடம் 55 சதவீதம், அடுத்த வருடம் 45, மேலே ஒரு சீசனுக்கு மேல் இருந்தவர்களுக்கு மூன்றாவது வருடம் 20. பிரீமியர் லீகுக்கு அடுத்த டிவிஷனான சாம்பியன்ஷிப்பிலிருந்து அதற்கும் கீழே உள்ள லீக் ஒன்னுக்கு விழுகிறவர்களுக்கு அந்த மெத்தை கிடையாது. இறங்கினால் குறையும் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் வீரர்களின் சம்பளம் மாறாது, மற்ற கிளப்புகளுக்குத் தரவேண்டிய டிரான்ஸ்பர் தவணை மாறாது, வரி அலுவலகத்துக்கான பாக்கி மாதாமாதம் ஏறும்.

இந்த நிலையில் இருக்கும் கிளப்புக்கு வழி என்று பார்த்தால் மூன்றுதான் தெரிகிறது. ஒன்று, அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போவது. அதாவது ஒரு அட்மினிஸ்ட்ரேட்டர் வந்து கிளப்பின் சாவியை வாங்கிக்கொள்வார். அவர் பொறுப்பில் இருக்கும்வரை கடன் கொடுத்தவர்கள் வழக்குப் போட்டு நெருக்க முடியாது. அவர் செலவைக் குறைத்து, வாங்க ஆள் தேடி, விற்றுக் கொடுப்பார். இதற்கு லீக் வைத்திருக்கும் விலை, பட்டியலில் 12 புள்ளி வெட்டு. இரண்டாவது, முதலாளியே கடன் மேல் கடன் வாங்கி, மைதானத்தை அடமானம் வைத்தோ விற்றோ நாளைத் தள்ளுவது. மூன்றாவது, ரசிகர்களே சேர்ந்து வாங்குவது.

ரசிகர்களில் பாதிப் பேர் முதல் வழி என்றாலே பதறுவார்கள், 12 புள்ளி போனால் அடுத்த சீசனும் போச்சே என்று. எனக்கு அந்தப் பதற்றம் புரிகிறது, ஆனாலும் என் கட்சி முதல் வழிதான். காரணம் கடன் குறைவது கூட இல்லை. கிளப்பை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவரின் கையிலிருந்து சாவியைப் பிடுங்க இதைவிட்டால் வேறு சட்ட வழி பெரும்பாலும் இல்லை.

போல்டன் (Bolton), பெரி (Bury) என்ற இரண்டு கிளப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் மான்செஸ்டருக்கு வடக்கே அடுத்தடுத்த ஊர்கள், இரண்டும் 2019 கோடையில் ஒரே டிவிஷனில் ஒரே நெருக்கடியில். போல்டன் அந்த ஏப்ரலில் சாம்பியன்ஷிப்பிலிருந்து இறங்கியது. சம்பளம் வராத வீரர்கள் ஆட மறுத்து பிரென்ட்ஃபோர்டுடனான ஆட்டமே நடக்கவில்லை. கிளப் ஊழியர்களுக்காக உணவு வங்கி திறக்க வேண்டியிருந்தது. மே மாதம் அட்மினிஸ்ட்ரேஷன், புது சீசன் மைனஸ் 12இல் தொடக்கம். சீனியர் வீரர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். பள்ளி முடித்த கையோடு வந்த பையன்களை இறக்கிவிட்டார்கள், 5-0 என்று தோற்றார்கள். பையன்களின் உடம்பு தாங்காது என்று ஒரு ஆட்டத்தையே கிளப் ஒத்திப்போட்டது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பெரி அதே வருடம் லீக் ஒன்னுக்குக் கீழே உள்ள லீக் டூவிலிருந்து மேலே ஏறிய அணி. அதற்கும் பண நெருக்கடி, அதற்கும் 12 புள்ளி வெட்டு. ஆனால் பெரி போன பாதை வேறு: அட்மினிஸ்ட்ரேட்டர் வரவில்லை, கடன் கொடுத்தவர்களோடு தவணை ஒப்பந்தம் மட்டும் போட்டார்கள். முதலாளி ஸ்டீவ் டேல் இடத்தைவிட்டு அசையவில்லை. முந்தைய டிசம்பரில் ஒரு பவுண்டுக்கு வாங்கியவர் அவர். கிக் லேன் மைதானத்தின் மேல் அடமானக் கடன் வேறு. ஆகஸ்ட் 27ஆம் தேதி, சனிக்கிழமை ஆட்டம் நடக்கும் என்று நம்பி ஊர்க்காரர்கள் துடைப்பமும் வாளியுமாகப் போய் இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதே நாளில் வாங்க வந்த நிறுவனம் பின்வாங்கியது, இரவு லீக் பெரியை வெளியேற்றியது. 1885இல் தொடங்கி, எஃப்ஏ கோப்பையை இரண்டு முறை வென்ற கிளப். மறுநாள் போல்டனின் அட்மினிஸ்ட்ரேட்டர்கள் விற்பனையை முடித்துவிட்டார்கள். போல்டன் அந்த சீசனில் லீக் டூவுக்கு இறங்கியது உண்மைதான், ஆனால் அடுத்த வருடமே மேலே வந்தது. இரண்டு கிளப்பும் இழந்த புள்ளி ஒன்றேதான். ஒன்றில் விற்கும் அதிகாரம் வெளியாளிடம் இருந்தது, இன்னொன்றில் முதலாளியிடமே இருந்தது.

சரி, இழுத்தடித்தவர்கள் கதை என்ன? டெர்பி கவுண்டியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அதன் முதலாளி மெல் மோரிஸ் 2018இல் பிரைட் பார்க் மைதானத்தைத் தன்னுடைய இன்னொரு நிறுவனத்துக்கே சுமார் 8 கோடி பவுண்டுக்கு விற்று, அந்தப் பணத்தைக் கிளப்பின் வரவாகக் காட்டினார். கணக்கில் ஓட்டை மறைந்தது, கிளப்புக்குச் சொந்த மைதானம் போனது. பிறகு 2021 செப்டம்பரில் அட்மினிஸ்ட்ரேஷன், 12 புள்ளி. நவம்பரில் பழைய வருடங்களின் நஷ்டம் வரம்பு மீறியதற்காக இன்னும் 9. வெய்ன் ரூனியின் அணி அந்த சீசனில் ஆடிச் சேர்த்தது 55 புள்ளி, கையில் நின்றது 34, இறங்கிவிட்டார்கள். இங்கே பலர் கவனிக்காத ஒன்று: 12 மட்டும் வெட்டியிருந்தால் 43 இருந்திருக்கும், 41 எடுத்துத் தப்பிய ரெடிங்தான் டெர்பிக்குப் பதிலாகக் கீழே போயிருக்கும். ஆக டெர்பியை இறக்கியது அட்மினிஸ்ட்ரேஷனின் 12 இல்லை, அதைத் தள்ளிப்போட்ட வருடங்களுக்கான 9.

அந்த ரெடிங்கே அடுத்த வருடம், 2023இல், லீக் ஒன்னுக்கு இறங்கியது. முதலாளி டாய் யோங்கே பணம் போடுவதை நிறுத்தினார், அட்மினிஸ்ட்ரேஷனுக்கும் போகவில்லை. நியாயமாகச் சொன்னால் இழுத்தடிப்புக்கு ஆதரவாகக் காட்டக்கூடிய நல்ல உதாரணம் இதுதான்: 12 புள்ளி போகவில்லை, லீக் ஒன்னிலேயே தாக்குப்பிடித்தார்கள், 2025 மே மாதம் ராப் கூஹிக் மைதானத்தையும் பயிற்சி மைதானத்தையும் சேர்த்தே வாங்கினார். ஆனால் அதற்கு நடுவில் என்னென்ன நடந்தது? சம்பளமும் வரியும் தாமதமானதற்காகத் தவணை தவணையாகப் புள்ளி போனது. 2024 ஜனவரியில் போர்ட் வேல் ஆட்டத்தின் 16ஆவது நிமிடத்தில் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்க, ஆட்டம் கைவிடப்பட்டது. பேர்வுட் பார்க் பயிற்சி மைதானத்தை வைகோம்ப் கிளப்புக்கு விற்கப் பேச்சு நடந்து, ஊரே எதிர்த்ததால் நின்றது. பெண்கள் அணியை இரண்டாவது டிவிஷனிலிருந்து எடுத்து ஐந்தாவது டிவிஷனில் போட்டார்கள். இத்தனைக்கும் ரசிகர்களால் செய்ய முடிந்தது கத்துவது மட்டும்தான், ஏனென்றால் விற்கச் சொல்லலாம், விற்க வைக்க முடியாது. ரெடிங் பிழைத்ததை வைத்து இந்த வழியைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் வழியும் சர்வரோக நிவாரணி ஆகிவிடாது. 2007இல் லீட்ஸ் யுனைடெட் செய்ததைப் பாருங்கள். 2001இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடிய கிளப், 2004இல் பிரீமியர் லீகிலிருந்து விழுந்தது, அந்த வருடமே எலண்ட் ரோடு மைதானத்தை விற்று வாடகைக்கு எடுத்துக்கொண்டது. 2007 மே 4ஆம் தேதி, லீக் ஒன்னுக்கு இறங்குவது ஏறக்குறைய உறுதியான பிறகு, ஒரு ஆட்டம் மீதியிருக்கும்போது அட்மினிஸ்ட்ரேஷன். அப்போது வெட்டு 10 புள்ளிதான், அது போகப்போகிற சீசனிலேயே கழிந்தது, அதாவது ஒன்றும் வலிக்கவில்லை. சாமர்த்தியம் என்று சிலர் மெச்சினார்கள். ஆனால் அட்மினிஸ்ட்ரேட்டர்கள் கிளப்பைத் திரும்ப விற்றது அதுவரை கிளப்பை நடத்திய கென் பேட்ஸிடமே. வரித்துறை எதிர்த்தது, கடன் கொடுத்தவர்களோடு முறையான ஒப்பந்தம் இல்லாமலே வெளியே வந்ததால் லீக் அடுத்த சீசனுக்கு 15 புள்ளி கழித்தது. அந்த சீசனில் 91 புள்ளி எடுத்தார்கள், கணக்கில் நின்றது 76. நேரடியாக மேலே போகவேண்டிய அணி பிளே-ஆஃப் (மேலே ஏற மிஞ்சிய ஒரு இடத்துக்கான நாக்-அவுட்) ஆடி, இறுதிப்போட்டியில் டான்காஸ்டரிடம் 1-0 என்று தோற்றது. மைதானம் மீண்டும் கைக்கு வந்தது 2017இல், பிரீமியர் லீக் 2020இல்.

அதற்குப் பிறகு அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். மார்ச் மாதத்தின் நான்காவது வியாழனுக்குப் பிறகு அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போய், எப்படியும் இறங்கப்போகிற கிளப் என்றால், வெட்டு அடுத்த சீசனில்தான் விழும். இதில் முதலில் மாட்டியவர்களில் ஒன்று சவுத்தாம்ப்டன். 2009 ஏப்ரலில் தாய் நிறுவனம் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போக, கிளப் வேறு நிறுவனம் வேறு என்ற வாதத்தை லீக் ஏற்கவில்லை. லீக் ஒன்னில் மைனஸ் 10. அந்த 10 இல்லையென்றால் பிளே-ஆஃப் இடம் கிடைத்திருக்கும். ஆனால் ஜூலையில் மார்கஸ் லீப்ஹெர் வந்து மைதானம், அகாடமி, கிளப் எல்லாவற்றையும் ஒரே கையில் வாங்கினார். இளம் வீரர்கள் லல்லானாவும் ஷ்னைடர்லினும் அங்கேயே இருந்தார்கள். 2011இல் ஒரு படி, 2012இல் இன்னொரு படி, பிரீமியர் லீக். லீட்ஸுக்கும் சவுத்தாம்ப்டனுக்கும் இடையில் நான் பார்க்கிற வித்தியாசம் புதுக் கை, கூடவே வந்த மைதானம்.

ரசிகர்கள் வாங்குவது தனி வழி போலத் தெரிந்தாலும் நடைமுறையில் முதல் வழிக்குப் பின்னால்தான் வருகிறது. போர்ட்ஸ்மவுத் 2008இல் எஃப்ஏ கோப்பை வென்றது, 2010 பிப்ரவரியில் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போன முதல் பிரீமியர் லீக் கிளப் ஆனது. அடுத்த மாதம் 85 ஊழியர்கள் வேலை இழந்தார்கள். வெளியே வரும்போது கிளப் போனது பழைய முதலாளி பல்ராம் சைன்ராயிடமே. 2011இல் விளாடிமிர் அன்டோனோவிடம் கைமாறி, 2012 பிப்ரவரியில் இரண்டாவது அட்மினிஸ்ட்ரேஷன். அப்புறம்தான் ரசிகர் டிரஸ்ட் எழுந்து நின்றது. ஒரு பங்கு 1,000 பவுண்ட். தனியாக முடியாதவர்கள் நண்பர்களாகச் சேர்ந்து ஒரு பங்கு எடுத்தார்கள். கிளப்பின் மைதானமான ஃப்ராட்டன் பார்க் பற்றிய வழக்கு 2013 ஏப்ரலில் தீர்ந்து கிளப் கைக்கு வந்தபோது அணி லீக் டூவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வருடமே கடனை அடைத்தார்கள். 2017இல் லீக் டூ கோப்பையும் வென்று, வாக்கெடுத்து மைக்கேல் ஐஸ்னரிடம் விற்றார்கள். இந்த வழியில் உயிர் பிழைக்கலாம், மானத்தோடு இருக்கலாம், ஆனால் மைதானக் கூரையைச் சரிசெய்யக்கூட மூச்சு வாங்கும். என்னைக் கேட்டால் இது வாங்க நல்ல ஆள் யாரும் வராதபோது எடுக்கவேண்டிய வழி, அப்போது தயங்காமல் எடுக்கவேண்டிய வழி. 2023-24இல் லீக் ஒன் பட்டியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதலிடம் போர்ட்ஸ்மவுத், இரண்டாமிடம் டெர்பி, பிளே-ஆஃப் இறுதியில் தோற்றது போல்டன்.

அதனால், இறங்கிய கிளப்பின் மைதானம் இன்னும் கிளப் பெயரில் இருக்கிறதென்றால், சீக்கிரம் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போகச் சொல்வேன், சீசன் தொடங்குவதற்கு முன்பே, வீரர்கள் எத்தனை புள்ளிக்கு ஓடவேண்டும் என்று தெரிந்துகொண்டு ஓடட்டும். மைதானம் வேறு நிறுவனத்தின் பெயரில் இருந்தால் கிளப்பை மட்டும் அட்மினிஸ்ட்ரேட்டரிடம் கொடுத்துப் பாதிப் பயன்தான். 2025 அக்டோபரில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப்போடு ஹில்ஸ்பரோ மைதானத்தை வைத்திருக்கும் நிறுவனமும் சேர்ந்தே போனது அந்த வகையில் நல்லதாயிற்று. மைதானத்தை விற்க இனி முன் அனுமதி வேண்டும் என்று 2025இல் வந்த கால்பந்து நிர்வாகச் சட்டம் சொல்கிறது. பிரைட் பார்க் விற்பனை நடந்த காலத்தில் அப்படி ஒன்று இல்லாமல் போனதே என்றுதான் தோன்றுகிறது.

நான் ஆதரிக்கும் வழியில் எனக்கே பொறுக்காத ஒன்று உண்டு. வீரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் உள்ள பாக்கியை முழுதாகக் கொடுக்க வேண்டும் என்பது லீக் விதி. மற்றவர்களுக்கு ஒரு பவுண்ட் (100 பென்ஸ்) பாக்கிக்கு 25 பென்ஸ் கொடுத்தால் போதும், கூடுதல் வெட்டு இல்லாமல் வெளியே வந்துவிடலாம். வரித்துறை இந்த விதியை எதிர்த்து நீதிமன்றம் போய் 2012இல் தோற்றது. பிறகு 2020 டிசம்பரில் சட்டத் திருத்தம் வந்து, வாட் போன்ற பாக்கிகளுக்கு வரித்துறை வரிசையில் முன்னே வந்துவிட்டது. பின்னே நிற்பது உள்ளூர்க்காரர்கள்தான். போர்ட்ஸ்மவுத்தின் 2010 கடன் பட்டியலில், ஆட்டத்தன்று முதலுதவிக்கு நின்ற செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு அமைப்புக்குச் சுமார் 2,700 பவுண்ட் பாக்கி இருந்தது. இப்படிப்பட்ட சின்னப் பாக்கிகளை முழுதாகத் தீர்த்த பிறகே விற்பனைக்கு ஒப்புதல் என்று லீக் ஒரு வரி சேர்த்தால் வாங்குகிறவருக்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு சுமாரான வீரரின் சம்பளம் அளவுக்குக்கூட வராது. 12 புள்ளியைக் கழிக்கிற அதே கையால் அதையும் எழுதலாம்.