மிளகைக் கொடுத்துவிடலாமா என்ற கேள்வியோடு சென்ற பூனைக் காப்பகம்: பத்து நாள் அனுபவம்

எங்கள் வீட்டு மிளகு நான்கு வயதுக் கறுப்புப் பெண் பூனை. சென்ற ஐப்பசி மழையில் இருசக்கர வண்டியின் சக்கரத்தில் அவள் வால் சிக்கிக்கொண்டது. வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தபோது வால் முதுகெலும்போடு சேரும் இடத்தில் எலும்பு விலகியிருந்தது தெரிந்தது. வாலை அகற்றினார்கள், புண்ணும் ஆறியது. ஆனால் இப்படி வால் இழுபடும்போது, சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் இயக்கும் நரம்புகளும் சேர்ந்து இழுபட்டுவிடுகின்றன. ஒரு மாதத்துக்குள் கட்டுப்பாடு திரும்பாவிட்டால் பிறகு திரும்புவது அரிது என்று மருத்துவர் அன்றே சொன்னார். ஐந்து மாதமாகியும் மிளகுக்குத் திரும்பவில்லை. நடக்கிறாள், ஜன்னல் திண்டில் ஏறுகிறாள், பல்லியைத் துரத்துகிறாள். சிறுநீரை மட்டும் நாள்தோறும் மூன்று வேளை நாம்தான் வயிற்றை அழுத்தி வெளியேற்ற வேண்டும்.

எனக்கு மாதத்தில் ஒரு வாரம் இரவுப் பணி. அம்மாவுக்கு வயது 71, விரல் மூட்டுகளில் தீராத வலி. அந்த ஒரு வாரம் எங்களால் சமாளிக்க முடியாமல் போனதால்தான், உடற்குறை உள்ள பூனைகளை வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொள்ளும் ஒரு தனியார் காப்பகத்தைத் தேடி வண்டலூருக்கு அப்பால் சென்றேன். நிரந்தரமாக ஒப்படைப்பதற்கு முன் பத்து நாள் விட்டுப் பார்க்கலாம் என்பது அவர்களுடைய விதி. நாளொன்றுக்கு 450 ரூபாய். நிரந்தரம் என்றால் ஒரே தவணையில் 60,000 ரூபாய்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே நுழைந்ததும் பினாயில் வாடை இல்லை. பினாயிலில் உள்ள பொருள்களைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் உடலுக்கு மிகக் குறைவு என்பதை அறிந்து, வெந்நீரும் வினிகரும் கொண்டே தரையைத் துடைக்கிறார்கள். சிறுநீர் பட்டுத் தொடை சிவந்தால், குழந்தைகளுக்கான டயப்பர் களிம்பைத் தடவுவதில்லை; அவற்றில் பலவற்றில் துத்தநாக ஆக்சைடு இருக்கும், பூனை அதை நக்கி விழுங்கிவிடும். வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் போக ஒற்றி எடுத்து, அந்த இடத்து முடியைக் குறைத்து வெட்டிவிடுகிறார்கள்.

அங்கே பூனைகளைப் பராமரிக்கும் பெண், நான் பணம் கட்டுவதற்கு முன்பே, "கையைக் குடுங்கக்கா, முதல்ல இதைச் சரியாப் பழகிக்குங்க, விடுறதா வேண்டாமான்னு அப்புறம் யோசிக்கலாம்" என்றார். மிளகை மேசைமேல் நிற்க வைத்து, என் கட்டைவிரலை வயிற்றின் ஒரு பக்கமும் மற்ற விரல்களை மறுபக்கமும் வைத்து, பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் எலுமிச்சம்பழம் போல உருளும் சிறுநீர்ப்பையை எனக்கு உணர்த்தினார். அதுவரை நான் வயிறு முழுவதையும் பிசைந்துகொண்டிருந்தேன். திடீரென்று நசுக்காமல், ஒரே சீராக, வால் இருந்த பக்கம் நோக்கி மெல்ல அழுத்தினால் நீர் கோடாக விழுகிறது. பை சுருங்கிக் கைக்குத் தட்டையாகும்போது நிறுத்திவிட வேண்டும். முரட்டுத்தனமாக அழுத்தினால் பை கிழியவும் கூடும் என்பதால், இதை மருத்துவரிடமோ இப்படிக் கைதேர்ந்தவரிடமோ நேரில்தான் கற்க வேண்டும். அந்த அரை மணி நேரப் பயிற்சிக்கு அவர்கள் கட்டணம் கேட்கவில்லை.

குறையும் இருக்கிறது, சிறிய குறை அன்று. அந்தப் பெண் விடுப்பில் இருந்த ஆறாம் நாள், மிளகுக்கு நண்பகல் வேளை தவறிவிட்டது. இரவு அவர்களே தொலைபேசியில் அழைத்து மறைக்காமல் சொன்னார்கள். ஆனால் எந்தப் பூனைக்கு எத்தனை மணிக்குச் சிறுநீர் எடுத்தோம், நிறம் எப்படி இருந்தது என்று எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம்கூட அங்கே இல்லை. வீடு திரும்பியபின் சிறுநீர் கலங்கி நாற்றமடித்தது. பரிசோதனையில் தொற்று இருப்பது தெரிந்து மருந்து கொடுத்தோம். நீர் முழுவதும் வெளியேறாமல் தேங்கும் பூனைகளுக்கு இது அடிக்கடி வரும் என்பதால், அந்த ஒரு வேளையின் மேல் மட்டும் பழி போட மாட்டேன். எனினும் முப்பதுக்கும் மேற்பட்ட பூனைகள் உள்ள இடத்தில் இந்த வேலை தெரிந்தவர் ஒருவர்தான் என்பது என்னை உறங்கவிடவில்லை.

என் முடிவும் அதிலிருந்தே பிறந்தது. அங்கும் ஒரு ஜோடிக் கைகள், இங்கும் ஒரு ஜோடிக் கைகள். அங்கே முதல் நான்கு நாள் அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. இங்கே அவளுக்கு ஜன்னல் இருக்கிறது, அம்மாவின் மடி இருக்கிறது. ஆகவே நிரந்தரமாகக் கொடுக்கவில்லை. கைக்குழந்தையோடு திணறி, தங்கள் பூனையை அங்கே ஒப்படைத்துவிட்டு வாசலில் நின்று அழுத ஒரு தம்பதியைப் பார்த்தேன். அவர்கள் செய்தது தவறு என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

நிரந்தரமாக ஒப்படைக்க நினைப்பவர்கள், இரண்டாவதாக ஓர் ஆளுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுக்கும்வரை பொறுத்திருங்கள் என்பேன். சில நாள் பராமரிப்புக்கு மனமாரப் பரிந்துரைக்கிறேன். என் இரவுப் பணி வாரங்களில் மிளகு இப்போது அங்கேதான் தங்குகிறாள். நேரமும் நிறமும் குறிக்க ஒரு நாற்பது பக்க நோட்டைக் கோடு போட்டுக் கூடையோடு அனுப்புகிறேன். சென்ற முறை ஏழு நாளும் மூன்று வேளையும் நிரப்பித் திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.