சிப்பி மினுக்கா, மரச் சித்திரமா? ஸ்பானியக் காலனிக் காலப் பெட்டிகள்

பழம்பொருள் ஏலங்களில் ஸ்பானிய அமெரிக்கப் பதிப்புப் பெட்டி (சிப்பியோ வேறு மரமோ பதித்து அலங்கரித்தது) என்று வருபவற்றில் இரண்டு வகை கவனிக்கத்தக்கவை. ஒன்று, பெருவின் லிமா பாணி முத்துச்சிப்பி, ஆமையோட்டுப் பெட்டி. மற்றது, மெக்சிகோவின் ஓஹாகா மலைப்பகுதியிலுள்ள வில்யா ஆல்தாவின் 17ஆம் நூற்றாண்டு மரப்பதிப்புப் பெட்டி. கண்ணைப் பறிப்பது முதலாவது. வாங்கி வைத்துக்கொள்ள இரண்டாவதே தேவலை.

லிமா பெட்டியின் உடல் பெரும்பாலும் ஸ்பானிய செடார் (பெயரில்தான் செடார், குலம் நம் வேம்பினுடையது). வஜ்ஜிரம் (விலங்குத் தோல், எலும்பு காய்ச்சிய பசை) தடவி அதன்மேல் மெல்லிய சிப்பித் தகடுகளை ஒட்டியிருப்பார்கள். சிக்கலே அங்குதான். ஈரப்பதம் ஏறி இறங்கும்போது மரம் குறுக்குவாட்டில் உப்பிச் சுருங்கும், சிப்பி அசையாது. வஜ்ஜிரம் விட்டுக்கொடுத்ததும் மூலைத் தகடுகள் முதலில் கிளம்பும். நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள், பொள்ளலாகக் கேட்டால் அடியில் பிடிப்பு போய்விட்டது. உடனடிப் பசை வேண்டவே வேண்டாம், பிறகு பிரித்தெடுக்க முடியாது. புதிதாக வஜ்ஜிரம் காய்ச்சி, 60 டிகிரி வெப்பத்தில் விட்டு, மணல் பையை மேலே வைத்து ஒரு நாள் விடுவதுதான் முறை.

எலுமிச்சை, புளி, வினிகர் மூன்றும் பக்கத்தில் வரக்கூடாது. சிப்பி சுண்ணாம்புச் சத்து, புளிப்பு பட்டால் மினுக்கு கரைந்து வெளுத்துவிடும்.

ஆமையோடு அசலா என்பதற்குப் பத்து மடங்கு உருப்பெருக்கி போதும். அசலில் பழுப்புத் திட்டுகள் பொடிப்பொடிப் புள்ளிகளாகப் பிரியும், பிளாஸ்டிக்கில் நிறம் கரைந்து ஓடியதுபோல் இருக்கும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திக் காட்டுகிறேன் என்று விற்பவர் சொன்னால் தடுத்துவிடுங்கள். அசலானால் தழும்பு, செல்லுலாய்டானால் தீ.

வில்யா ஆல்தா பெட்டியில் மரத்துக்குள் மரம். வெளிர் மரத்தில் உருவங்களை வெட்டிப் பதித்து, முகம், உடை மடிப்பு, இலை நரம்பு எல்லாவற்றையும் கோடாகக் கீறி, சுலாக்கே எனும் கறுப்புப் பசையால் நிரப்பியிருப்பார்கள். விசாகப்பட்டினத்துத் தந்தப் பெட்டிகளில் கீறலுக்குள் அரக்கு ஏற்றுவதும் இதே உத்திதான். இரண்டும் மரமே என்பதால் சிப்பி அளவுக்குக் கழன்று விழுவதில்லை. பழுது வேறு விதமாக வரும்: பசை உதிர்ந்த கோடுகளை மசியால் நிரப்பியிருப்பார்கள், அது மர நாரில் கசிந்து ஓரம் பிசிறடிக்கும். பளபளப்புக்காக யாராவது தேய்த்திருந்தால் ஆழமில்லாத கோடுகள் முதலில் போய்விடும். ஆகவே முதலில் முகங்களைப் பாருங்கள். கண்ணிமை தெளிவாக இருந்தால் பெட்டி பிழைத்திருக்கிறது. தரமான மாதிரி பார்க்க மெக்சிகோ நகரின் ஃப்ரான்ஸ் மேயர் (Franz Mayer) அருங்காட்சியகம் போகலாம்.

கடைசியாகக் காகிதம். ஓடு அழுங்காமை என்னும் கடலாமையினுடையது என்றால், அருகிவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) ஒப்பந்தத்தின் முதல் பட்டியல், பழமைச் சான்றும் அனுமதியும் இல்லாமல் எல்லை தாண்டாது. பெரு நாட்டுப் பொருளுக்கு பண்பாட்டுச் சொத்துகளுக்கான 2004ஆம் ஆண்டின் 28296ஆம் சட்டமும் உண்டு. எப்போது, எப்படி அந்நாட்டை விட்டு வெளியேறியது என்பதற்கு விற்பவரிடம் ஆவணம் இல்லையென்றால், எவ்வளவு அழகானாலும் விட்டுவிடுங்கள்.