பழைய ஸ்ராட்டர் மோட்டரைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து பிக்கப்பின் சாவியைத் திருப்பினேன். "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கச்சான் விற்கும் அக்காமார் வேடிக்கை பார்க்க, வான் ஒன்றில் வந்த நான்கு பேர் தள்ளித்தான் வண்டி உயிர்பெற்றது. இரண்டு மாதமாகவே வீல் ஸ்பானரால், என்ஜினைச் சுழற்றி எழுப்பும் ஸ்ராட்டர் மோட்டரின் முதுகில் தட்டினால்தான் எழும்பும் நிலை. அன்று அதற்கும் மசியவில்லை.

மறுநாள் முற்றத்தில் சாக்கு விரித்து, பற்றரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிட்டு, மோட்டரை இறக்கினேன். இரண்டு போல்ட், ஒரு தடித்த கேபிள், ஒரு சின்ன வயர். காய்ந்த சேறு கண்ணில் கொட்டியதைத் தவிர அதில் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் எல்லாம் அதைக் கிளிநொச்சியில் ஒரு கடைக்குக் கொண்டுபோன பிறகுதான்.

"ஆமேச்சர் எரிந்துவிட்டது அண்ணை" என்று, அதாவது மோட்டருக்குள் சுழலும் கம்பிச்சுருள் போய்விட்டது என்று, திறந்துகூடப் பார்க்காமல் சொன்னான் கடைக்காரப் பையன். சந்தேகம் வேண்டாம் என்று என் கண்முன்னே பற்றரியில் கொடுத்தும் காட்டினான். மோட்டர் முனகியது. பிறகு வெள்ளிப் பெயின்ட் பளபளக்கும் ஒரு "ஜப்பான் ரீகண்டிஷன்" மோட்டரை வைத்துக் கொடுத்தான். அது சீறிக்கொண்டு சுழன்றது. என்னுடையதற்கு நூல்போன்ற வயரையும் தன்னுடையதற்குப் பெருவிரல் தடிப்புக் கேபிளையும் மாட்டினான் என்பது வீட்டுக்கு வந்து படுத்த பிறகே உறைத்தது. மெல்லிய வயரில் எந்த நல்ல மோட்டரும் முனகத்தான் செய்யும். சுமை இல்லாமல் மேசையில் வைத்துச் சுழற்றினால் தேய்ந்ததும் சீறும்.

விலை 42,000 ரூபாய். பழையதைக் கொடுத்தால் 5,000 குறைப்பார்களாம். கொடுத்துவிட்டேன். நான் செய்த பெரிய மடத்தனம் அதுதான். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய பிக்கப்பைப் பொன்போலப் பார்த்துக்கொண்டவன், அதன் அசல் மோட்டரை 5,000 ரூபாய்க்குத் தாரைவார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள், விதைநெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு புறப்படும்போது, கல்லை அரைப்பதுபோல் ஒரு சத்தம். மாங்குளத்தில் எனக்குத் தெரிந்த வயரிங் வேலைக்காரர் ஒருவர் மோட்டரைப் பிரித்தார். சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் காபன் பிரஷ்கள் கட்டைப் பென்சில்போலத் தேய்ந்திருந்தன. என்ஜினைப் பிடித்துச் சுழற்றும் சின்னப் பற்சில்லின் உடைந்த முனைகளை அரத்தால் ராவி, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். நகத்தால் சுரண்டியதும் வெள்ளி உரிந்து துரு தெரிந்தது. அந்தப் பற்கள் என் என்ஜினின் ஃபிளைவீலைச் சுற்றியிருக்கும் பல்வளையமான றிங் கியரையும் கடித்துவிட்டன. அதை மாற்றுவதென்றால் கியர்பொக்ஸையே இறக்க வேண்டும்.

"பழையதில் டிக் என்று மட்டுந்தானே கேட்டது?" என்றார் அவர். ஆம் என்றேன். மோட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்தச் சுவிட்சான சொலனோயிட்டுக்குள் இருக்கும் இரண்டு செப்புத் தகடுகள் தேய்ந்துபோனால் அப்படித்தான் வருமாம். காந்தம் இழுக்கும், மின்சாரம் கடக்காது. தகடுகளை மட்டும் மாற்றியிருந்தால் அரை மணித்தியால வேலை. அவர் சொன்ன கூலியைக் கேட்டு எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

கடைக்குப் போனேன். "மின்சாமான் திருப்பி எடுப்பதில்லை" என்று சுவரைக் காட்டினார்கள். நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். ஆனால் என் கையில் இருப்பது "ஸ்ராட்டர் 1" என்று எழுதிய கொப்பித்தாள். கடையின் பெயரும் இல்லை, திகதியும் இல்லை. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். நீங்களாவது கேளுங்கள். மோட்டரை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். பிரிக்க மறுத்தால் அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

இன்னொன்று. அண்மையில் யாராவது வெள்ளிப் பெயின்ட் அடித்த மோட்டர் வாங்கியிருந்தால், அதன் முதுகைத் தடவிப் பாருங்கள். வீல் ஸ்பானர் பட்ட பள்ளம் மூன்று, அருகருகே இருந்தால் அது என்னுடையது. பயப்படாமல் ஓட்டுங்கள், செப்புத் தகட்டை மட்டும் மாற்றிவிடுங்கள்.