உப்புக் காற்றில் எந்தக் கவசம்? தகரப் பெட்டி, அலுமினியப் பெட்டி, செம்பு நாடா, கடத்தும் பெயிண்ட்: ஓர் ஒப்பீட்டு அலசல்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், காற்றின் வேகத்தையும் மழையளவையும் பதிவுசெய்யும் சிறு கருவியொன்றை வைத்திருந்தேன். ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு கணினிப் பலகை ஒன்று, பேட்டரியின் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்தும் எம்.டி.3608 பூஸ்ட் கன்வெர்ட்டர் ஒன்று, உணரிகளுக்குச் செல்லும் கம்பிகள், அவ்வளவுதான். அதை இயக்கிய அன்று மாலையே எதிர்வீட்டுப் பெரியவர் வந்து, தம் ரேடியோவில் புதுச்சேரி வானொலி ஒரே இரைச்சலாக இருப்பதாகச் சொன்னார். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபின் மின்சாரமின்றிக் கிடந்த நாட்களில் பேட்டரி ரேடியோவையே நம்பியிருந்தவர் அவர். அவருடைய காதை அடைக்கும் கருவி எவ்வளவு துல்லியமாக மழையை அளந்தாலும் எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது.

காரணம் விளங்காத ஒன்றல்ல. எம்.டி.3608 ஏறத்தாழ 1.2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் மின்னோட்டத்தைத் திறந்து மூடுகிறது. புதுச்சேரி வானொலியின் மத்திய அலை 1215 கிலோஹெர்ட்ஸ், அதாவது 1.215 மெகாஹெர்ட்ஸ். வெப்பத்துக்கும் சுமைக்கும் ஏற்ப இந்த வேகம் சற்றே அலைவதால், இரைச்சல் நேராக நிலையத்தின் மேலேயே வந்து அமர்கிறது. ஆர்டுயினோவுக்குத் துடிப்பு தரும் 16 மெகாஹெர்ட்ஸ் படிகமோ வேறொரு வகையில் தொல்லை தருகிறது: அதன் துடிப்பின் மடங்குகளிலும் இரைச்சல் எழும்; ஒன்பதாம் மடங்கு 144 மெகாஹெர்ட்ஸ், அதாவது அமெச்சூர் வானொலியாளர்கள் பயன்படுத்தும் 144 முதல் 146 வரையிலான பட்டையின் வாசல். இந்த இரைச்சல் வெளியே கசியாதபடி கருவியைச் சுற்றி அமைக்கும், மின்சாரம் கடத்தும் உறையைத்தான் கவசம் என்கிறேன். ஆகவே எந்தக் கவசமும் 1.2, 144 மெகாஹெர்ட்ஸ் என்னும் இவ்விரு முனைகளிலும் தேற வேண்டும் என்பதையே அளவுகோலாக வைத்து, நான்கு வழிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். கையடக்க ரேடியோவை எடுத்துக்கொண்டு, இரைச்சல் மறையும்வரை எத்தனை அடி விலகி நடக்க வேண்டியிருக்கிறது என்பதே என் அளவைமுறை. அது ஆய்வகக் கருவிக்கு ஈடாகாது. ஆனால் ஒன்றோடொன்றை ஒப்பிட அதுவே போதும்.

முதலில் வார்ப்பு அலுமினியப் பெட்டி. பார்வைக்கு இதை மிஞ்ச எதுவுமில்லை, விலையிலும் அப்படியே. ஒரு மெகாஹெர்ட்ஸில் அலுமினியத்துக்குள் அலை ஊடுருவும் ஆழம் ஏறக்குறைய 80 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மட்டுமே. அந்த ஆழம் ஒவ்வொரு முறை கடக்கப்படும்போதும் அலை சுமார் 8.7 டெசிபல் (அலையின் வலுவை ஒப்பிடும் அலகு) வலுவிழக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள சுவரைக் கடந்து எதுவும் வெளியேற வழியில்லை என்பது உண்மைதான். ஆனால் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், மூடி பொருந்தும் விளிம்பில் உள்ள இடுக்கே பெட்டியின் தரத்தை முடிவு செய்கிறது. மூலைத் திருகுகளில் மட்டும் உலோகம் உலோகத்தைத் தொட்டு, நடுவில் 12 சென்டிமீட்டர் நீளத்துக்கு வண்ணப்பூச்சோ ஆக்சைடு படலமோ குறுக்கே நின்றால், அந்த மயிரிழைப் பிளவு 144 மெகாஹெர்ட்ஸில் தரும் தடுப்பு 20 டெசிபலுக்கும் சற்றுக் குறைவாகிவிடும். இங்கே முக்கியம் பிளவின் அகலம் அல்ல, நீளம். காற்றுக்காக ஒரே நீண்ட வெட்டு போடுவதைவிடச் சல்லடை போலப் பல சிறு துளைகள் இடுவது நல்லது என்பதும் இதனால்தான். அலுமினியம் காற்றுப் பட்டவுடனேயே மின் கடத்தாத ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும் உலோகம். கடற்கரையில் உப்பும் ஈரமும் சேர்ந்து அந்த விளிம்பை மேலும் வெண்பொடியாக அரிக்கின்றன. செம்புக் கம்பியையோ துருப்பிடிக்காத எஃகுத் திருகையோ அதனோடு இணைத்தால், உவர்நீர் படும்போது அலுமினியமே கரையத் தொடங்குகிறது. உள்நாட்டில் இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கும் பெட்டி இது. சில்வர் பீச்சிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவர்களுக்கு அல்ல.

அடுத்தது, புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிய பழைய பிஸ்கட் தகரப் பெட்டி. கால் மில்லிமீட்டர் அளவே உள்ள இந்தத் தகடு எஃகின்மேல் வெள்ளீயம் பூசப்பட்டது. எஃகு காந்தத் தன்மையுடையதாகையால் அலை அதற்குள் ஊடுருவும் ஆழம் அலுமினியத்தைவிடவும் குறைவு. பூஸ்ட் கன்வெர்ட்டரின் சுருளிலிருந்து கிளம்பும் காந்தப்புலத்தை இந்த மெல்லிய தகடே நன்றாக மடக்கிவிடுகிறது. அதைவிடப் பெரிய நன்மை, வெள்ளீயப் பூச்சில் நேரடியாகப் பற்றவைக்க முடியும் என்பது. மூட்டுகளை ஈயத்தால் அடைக்கலாம், உள்ளே தடுப்புச் சுவர் எழுப்பலாம், கம்பி வெளியேறும் துளையருகிலேயே, இரைச்சலைச் சுவருக்குத் திருப்பிவிடும் கெபாசிட்டரின் ஒரு காலைச் சுவரோடு சேர்த்துப் பற்றவைக்கலாம். குறை, துரு. வெள்ளீயம் கீறுபட்ட இடத்தில் எஃகு விரைவாக அரிபடுகிறது. அதனால் வெட்டு விளிம்புகள் அனைத்தையும் ஈயத்தால் மூடி, வெளிப்புறம் எனாமல் அடித்தேன். மூடியும் பெட்டியும் தொடும் உதட்டை மட்டும் அச்சிட்ட வண்ணம் நீங்கும்வரை தேய்த்து, வாசலின் தடவி விட்டேன்.

செம்பு நாடாவைப் பிளாஸ்டிக் பெட்டியின் உட்புறம் ஒட்டுவது பலரும் விரும்பும் வழி. 144 மெகாஹெர்ட்ஸில் செம்புக்குள் அலை ஊடுருவுவது ஐந்தரை மைக்ரான் அளவுக்கே என்பதால், 35 மைக்ரான் தடிமனுள்ள நாடா அங்கே தாராளமாகப் போதும். ஏமாற்றம் பசையில் இருக்கிறது. பசை மின் கடத்தாததாக இருந்தால், ஒரு பட்டையின்மேல் அடுத்த பட்டை ஏறும் ஒவ்வோர் இடமும் நீண்ட பிளவாகிவிடும். சில விரற்கடைக்கு ஒரு பொட்டாகப் பற்றவைத்தபின்தான் என் நாடாப் பெட்டி உருப்படியான கவசமாயிற்று. அந்த உழைப்புக்குச் செம்பு பூசிய சர்க்யூட் பலகைத் துண்டுகளையே வெட்டி, மூலைகளைப் பற்றவைத்துப் பெட்டி செய்திருக்கலாம். அதுவே இரண்டிலும் உறுதியானது. உப்புக் காற்றில் செம்பு பச்சைக் களிம்பு பிடித்தாலும், பற்றவைத்த மூட்டுகள் எளிதில் கெடுவதில்லை.

கடத்தும் பெயிண்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கிராஃபைட் பெயிண்ட், கிடாரில் 50 ஹெர்ட்ஸ் உறுமலைக் குறைக்கும் அளவுக்கு மின்புலத்தைத் தடுக்கும். கன்வெர்ட்டர் சுருளின் காந்தப்புலத்தின் முன் அதன் மின்தடை மிக அதிகம். நிக்கல் கலந்தது அதைவிடப் பல மடங்கு மேல். விலையையும் அதன் ஆவியையும் பொறுத்துக்கொள்ள முடிந்தால், வளைவான பெட்டிகளுக்கு அது பொருந்தும்.

இந்த நான்கையும் முடித்தபின் நான் கண்டதை வரிசையில் முதலிலேயே வைத்திருக்க வேண்டும். அலுமினியப் பெட்டிக்குள் கருவியை வைத்து மூடியும், ரேடியோ இரைச்சல் பாதிகூடக் குறையவில்லை. உணரிக் கம்பிகளைக் கழற்றியதும் சட்டென அடங்கியது. 144 மெகாஹெர்ட்ஸின் கால் அலைநீளம் 52 சென்டிமீட்டர். என் மழையளவிக் கம்பி ஏறக்குறைய அரை மீட்டர்! பெட்டிக்குள் அடைத்த இரைச்சலை வெளியே ஒலிபரப்பும் ஆன்டெனாவை நானே கட்டிவைத்திருந்தேன். கம்பியில் ஓடும் இரைச்சலை மறிக்கும் ஃபெரைட் என்னும் காந்தப் பொருளாலான வளையத்தின் வழியே கம்பியை ஒரு முறை செலுத்துவது 144க்கு ஓரளவு உதவும், 1.2 மெகாஹெர்ட்ஸுக்கு அது போதாது. சுற்றுகளின் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப மறிப்பு உயர்வதால், தாழ்ந்த அலைவெண்களுக்கு உகந்த 31 வகை ஃபெரைட்டில் மூன்று சுற்றுச் சுற்றினால் ஒன்பது மடங்கு கிடைக்கும். ஆனால் சுற்றுகளை அளவுக்கு மீறிக் கூட்டினால் அவற்றுக்கிடையிலான மின்தேக்கம் உயர் அலைவெண்ணுக்குக் குறுக்குவழியாகிவிடும். அதனால் இரண்டு முனைகளுக்கும் தனித்தனி வளையங்கள் வைப்பதே சரி. இங்கேதான் தகரப் பெட்டி மற்றவற்றை முந்துகிறது: ஃபெரைட்டைத் தாண்டிவரும் மிச்ச இரைச்சலைச் சுவரிலேயே கிரவுண்ட் செய்யும் கெபாசிட்டருக்கு அதில்தான் குட்டையான, உறுதியான பிடிப்பு எளிதில் அமைகிறது.

ஆகவே நம் கரையோரத்துக்கு என் தேர்வு, ஃபெரைட்டும் சுவர்க் கெபாசிட்டரும் பொருத்திய தகரப் பெட்டி. அதற்கடுத்து செம்புப் பலகைப் பெட்டி. வைஃபை வழியே தரவு அனுப்பும் கருவியாக இருந்தால், ஆன்டெனாவை மட்டும் பெட்டிக்கு வெளியே கொண்டுவர வேண்டும். உலோகத்துக்குள் அடைத்தால் 2.4 கிகாஹெர்ட்ஸும் சேர்ந்தே அடங்கிவிடும்.

என் தகரப் பெட்டி இப்போது அதே மொட்டைமாடியில் இருக்கிறது. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் தொடக்கத்தில், மூடியைக் கழற்றி உதட்டைத் தேய்த்துப் புதிதாக வாசலின் தடவுகிறேன். பிறகு கீழே இறங்கி, எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பெரியவர் ரேடியோவை 1215இல் திருப்புவதைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.