சூழல் மாற்றும் ஷெல் ஸ்கிரிப்ட்: பணம் கொடுத்து வாங்குவோர் கவனத்திற்கு

எங்கள் நிறுவனத்தின் சர்வர்களைப் பராமரிக்க ஒப்பந்தம் எடுத்த ஒரு நிறுவனம், டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரத்தில்) ஒரே கட்டளையில் டெஸ்டிங் (சோதனை), புரொடக்‌ஷன் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும்) சூழல்களுக்கிடையே மாறிக்கொள்ளலாம் என்று சொல்லி, தனிக் கட்டணம் பெற்றுக்கொண்டு கட்டளைகளின் தொகுப்பான ஒரு ஸ்கிரிப்டை எழுதித் தந்தது. அதனால் எங்கள் வாடிக்கையாளர்களின் ஆர்டர்கள் அழிந்தன. அதே ஸ்கிரிப்டை அவர்கள் வேறு இடங்களிலும் விற்றிருக்கக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

தேர்ந்தெடுத்த சூழலின் கோப்பை சோர்ஸ் கட்டளையால் படித்து, அதிலுள்ள மாறிகளை (பெயரிட்ட அமைப்பு மதிப்புகளை) எக்ஸ்போர்ட் செய்வது, அதாவது அந்த டெர்மினலில் இயக்கும் நிரல்களுக்குக் கிடைக்கச் செய்வது மட்டுமே அந்த ஸ்கிரிப்டின் வேலை. முந்தைய சூழலின் மாறிகளை அன்செட் செய்யும் (நீக்கும்) ஒரு வரிகூட அதில் இல்லை. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்காக, புரொடக்‌ஷன் கோப்பில் பிஜிஹோஸ்ட், பிஜியூசர், பிஜிபாஸ்வேர்ட், பிஜிடேட்டாபேஸ் ஆகிய நான்கு மாறிகளும் (முறையே சர்வர் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல், தரவுத்தளப் பெயர்) இருந்தன. டெஸ்டிங் தரவுத்தளம் அதே கணினியில் இருந்ததால், அதன் கோப்பில் கடைசி மாறி மட்டுமே இருந்தது. தரவுத்தளத்தின் பெயரோ இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே புரொடக்‌ஷனிலிருந்து டெஸ்டிங்குக்கு மாறிய பின்னும் முதல் மூன்று மாறிகள் பழைய மதிப்புகளோடு அப்படியே நின்றன. கட்டளை வரியின் தொடக்கத்தில் தெரியும் பிராம்ப்ட் மட்டும் பச்சை எழுத்தில் ‘டெஸ்டிங்’ என்று காட்டியது. அதை நம்பி எங்கள் ஊழியர் ஆர்டர் அட்டவணையை ட்ரங்கேட் செய்ய, காலியானது புரொடக்‌ஷன் அட்டவணை. முந்தைய இரவின் பேக்கப் இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஆர்டர்கள் திரும்பக் கிடைக்கவில்லை.

விளக்கம் கேட்டபோது, ஒவ்வொரு முறையும் புதிய டெர்மினலைத் திறந்துதான் சூழலை மாற்ற வேண்டும் என்று பதில் வந்தது. அவர்கள் தந்த கையேட்டில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. தவிர, புதிய டெர்மினல் கட்டாயம் என்றால் சூழல் மாற்றும் கட்டளைக்கு எதற்காகக் கட்டணம் வாங்கினார்கள்?

மேலும் துருவியபோது, கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்தில் கமிட் செய்திருந்தது (பதிவு செய்திருந்தது) தெரியவந்தது. கோப்பை இப்போது நீக்கினாலும் பழைய கமிட்களில் அது இருக்கும் என்பதால், எல்லாக் கடவுச்சொற்களையும் நாங்கள் மாற்ற வேண்டியதாயிற்று.

இத்தகைய ஸ்கிரிப்ட் உங்களிடம் இருந்தால், புரொடக்‌ஷனுக்குச் சென்று டெஸ்டிங்குக்குத் திரும்பியதும் எக்ஸ்போர்ட் செய்த மாறிகளைப் பட்டியலிடும் பிரின்ட்என்வ் கட்டளையை இயக்குங்கள். புதிய டெர்மினலில் நேராக டெஸ்டிங்குக்குச் சென்று கிடைக்கும் பட்டியலோடு அதை ஒப்பிடுங்கள். பழைய ஹோஸ்ட் பெயர் எஞ்சியிருந்தால் அந்த ஸ்கிரிப்டை உடனே நிறுத்திவிடுங்கள். நாங்கள் இப்போது பயன்படுத்தும் டைரென்வ் இலவச மென்பொருள். ஒரு அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) சென்றதும் அதற்குரிய மாறிகளை ஏற்றி, அதை விட்டு வெளியேறியதுமே அது ஏற்றிய மாறிகளைத் தானாக விலக்கிவிடுகிறது. ஒப்பந்த நிறுவனம் கட்டணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டது.